வேறொருவரிடம் அனுப்புவது பற்றி

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் நேற்று, வியாழக்கிழமை வந்தது. உடனே பதில் எழுத உட்கார்ந்து, எழுதியதைக் கிழித்துப் போட்டேன். ஒழுங்குபடுத்திக்கொள்ளாமல் எழுத எனக்கு வராது. ஆகவே வகுப்பில் கரும்பலகையின் இடது ஓரத்தில் எழுதிப் போடுவேனே, அது போலச் சொல்ல வேண்டியவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. உன் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பது.
2. நம் வீட்டில் 'நீங்க' என்ற சொல் செய்த வேலை.
3. என்னிடம் வந்த ஒரு மாணவனை நான் வேறொருவரிடம் அனுப்பியது.
4. அவன் தாய் நம் வீட்டுக்கு வந்தது.
5. ஆலோசனை அறைக்குள் போகும்போது நம்முடைய நம்பிக்கையை வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது. மற்ற நான்கிலும் எனக்குத் தடுமாற்றம் உண்டு. இதில் மட்டும் இல்லை.

உன் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் பையன் ஒருவன், மாணவர் ஆலோசகர் என்ற முறையில் உன்னிடம் வந்திருக்கிறான். தனக்குப் பெண்கள் மேல் நாட்டம் இல்லை, மனம் ஆண்கள் பக்கமே போகிறது, இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்று சொல்லியிருக்கிறான். நீ படித்த படிப்பு, அவனைக் கண்டிக்காதே, உன் கருத்தை அவன் மேல் ஏற்றாதே, அவன் சொல்வதைக் கேள் என்கிறது. நீ கும்பிடும் சாமியும் நீ வளர்ந்த முறையும் இது தகாது என்கின்றன. "தகாது என்று உள்ளே நினைத்துக்கொண்டு, தகும் என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது நடிப்புதானே அப்பா? அதைவிட, எனக்கு இருக்கும் உறுத்தல் இல்லாத ஒருவரிடம் அவனை அனுப்பிவிடுவது நேர்மை இல்லையா?" என்று கேட்டிருக்கிறாய். திங்கட்கிழமை அவன் மறுபடி வருவான், அதற்குள் பதில் வேண்டும் என்கிறாய்.

நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேன் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் இதே கேள்வி எனக்கும் வந்தது. அறுபதுகளின் நடுவில், நீ ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது. எனக்குக் கேட்க ஆள் இல்லை என்று சொல்லலாம். கேட்கத் தைரியம் இல்லை என்பதுதான் சரி.

அதற்குள் போவதற்கு முன் இரண்டாவதைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு நினைவிருக்கும். நான் உன்னை அடித்ததில்லை. கோபம் வந்தால் 'நீங்க' என்பேன். என் மூக்குக்கண்ணாடியை நீ மிதித்து உடைத்த அன்று, "பரவாயில்லை. நீங்க போய்ப் படிங்க" என்றேன். நீ அடுக்களைக்குள் ஓடி, "அம்மா, அப்பா என்னைய 'நீங்க'ன்னு சொல்லிட்டாக. அடிச்சிருந்தாக்கூடப் பரவாயில்ல" என்று அழுதாய். அம்மா சிரித்துக்கொண்டே வந்து, "புள்ளைய ஏன் இப்படி மருவாதி குடுத்துக் கொல்றீக?" என்று கேட்டாள். நானும் சிரித்தேன். மரியாதை போலக் காட்டி ஒருவனைக் கைக்கு எட்டாத தூரத்தில் நிறுத்திவிடலாம் என்பது எனக்கு இயல்பாகவே கைவந்திருந்தது. அதை ஒரு நல்ல குணம் என்றுதான் நினைத்திருந்தேன்.

இனி மூன்றாவது. நம் வீட்டில் உளி பிடிக்காமல் சாக்பீஸ் பிடித்த முதல் ஆள் நான். என் அப்பா நிலையும் கதவும் செய்து கொடுத்த வீடுகளின் பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்தினேன். அந்தப் பெருமையை விட, இந்த வேலை போய்விடக் கூடாது என்ற பயம்தான் எனக்கு எப்போதும் பெரிதாக இருந்தது. ஒரு கோடை விடுமுறையில் சென்னையில் மாணவர் ஆலோசனை பற்றிப் பயிற்சி கொடுத்தார்கள். எங்கள் கல்லூரியிலிருந்து நானும் இயற்பியல் ஆசிரியர் ஒருவரும் போய் வந்தோம். வந்ததும் பழைய ஹாக்கி மட்டைகள் கிடந்த அறையைச் சுத்தம் செய்து எனக்குக் கொடுத்தார்கள். அறையில் கேட்டது அறையை விட்டு வெளியே போகக் கூடாது. புத்தி சொல்லாதே, கேள். உன் மதத்தை உள்ளே கொண்டு வராதே. உன்னால் முடியாவிட்டால் முடிந்தவரிடம் அனுப்பு. இவைதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த விதிகள். நான் அவற்றை மனப்பாடம் செய்திருந்தேன்.

ஆனாலும் மேஜை மேல் ஒரு திருநீற்றுச் சம்புடம் இருந்தது. அது விதிக்குப் புறம்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. பரீட்சை என்றால் பையன்கள் வந்து நெற்றியைக் காட்டுவார்கள். நான் பூசி விடுவேன். அவர்களில் ஒருவன் பரீட்சை இல்லாத நாளிலும் வருவான். பெயரை உனக்கும் சொல்ல மாட்டேன். ஊரையும் மாற்றித்தான் சொல்கிறேன். கீழச்சிவல்பட்டி என்று வைத்துக்கொள். கணக்கில் கெட்டிக்காரன். அறைக்கு வந்தால் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பான். பிறகு எழுந்து, "துன்னூறு பூசி விடுங்க சார்" என்று குனிவான். போய்விடுவான். அந்தப் பருவம் முழுக்க இது நடந்தது. ஒரு நாள் பேசினான்.

"வீட்டுல பொண்ணு பாக்குறாக சார்."

"படிப்பு முடியட்டும்னு சொல்ல வேண்டியதுதானேடா?"

"முடிஞ்சாலும் வேணாம் சார்."

"ஏன், வேற பொண்ணு யாரையும் மனசுல வச்சிருக்கியா?" என்று நான் சிரித்தேன்.

அவன் சிரிக்கவில்லை. "பொண்ணு யாரையும் இல்ல சார். பொண்ணுன்னு நெனச்சாலே எனக்கு ஒண்ணும் தோணல. சின்னதுலருந்தே அப்படித்தான். மனசு வேற பக்கம் போகுது சார்" என்றான். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், எந்தப் பக்கம் என்பதையும் சொன்னான். அவன் வாயில் அதற்கு ஒரு சொல் இல்லை. ஊரில் இருக்கிற சொற்கள் எல்லாம் வசவுகள். தன்னைத் தானே வைதுகொள்ளாமல் சொல்லத் தெரியாமல், சுற்றிச் சுற்றிச் சொன்னான். நான் படித்த புத்தகத்தில் அப்போது அதற்கு நோய் என்று பெயர். சட்டத்தில் குற்றம். நான் கிருத்திகை தோறும் விரதம் இருந்து போய்க் கும்பிட்ட சன்னிதியில் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. பாவம் என்றுதான் இருக்கும் என்று நானே வைத்துக்கொண்டேன். நோய் என்பதை இப்போது வெளிநாட்டில் விட்டுவிட்டார்கள் என்று நீ எழுதியிருக்கிறாய். அது நல்லதுதான். அன்று யாராவது வந்து அதைச் சொல்லியிருந்தாலும் நான் வேறு மாதிரி நடந்திருப்பேனா என்று தெரியவில்லை.

நான் சொன்னது இதுதான்: "நீங்க மனசைத் தளர விடாதீங்க."

அவன் நிமிர்ந்தான். "என்ன சார், திடீர்னு 'நீங்க'ங்கிறீக?"

மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினேன். "இந்த விஷயத்துல என் நம்பிக்கை வேற. ஒங்களுக்குச் சரியா உதவ என்னால முடியாது. இயற்பியல் சாரும் இதுல பயிற்சி எடுத்தவருதான். அவரைப் போய்ப் பாருங்க. அதுதான் ஒங்களுக்கு நல்லது."

"அவருகிட்டயும் மொதல்லருந்து சொல்லணுமா சார்?"

"ஆமா."

"ஒங்ககிட்டச் சொல்லத்தான் சார் இத்தனை நாளா வந்து வந்து போனேன்."

அவன் எழுந்தான். வழக்கம் போல நெற்றியைக் காட்டிக் குனிந்தான். என் கை சம்புடம் வரை போய் நின்றுவிட்டது. "இது ஆலோசனை அறை. இங்க அதெல்லாம் கூடாதுன்னு விதி இருக்கு" என்றேன். அந்தப் பருவம் முழுக்க அதே அறையில்தான் அவனுக்குப் பூசிவிட்டிருந்தேன். அவன் குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு, "சரி சார்" என்று போனான். நம்பிக்கையைச் சொல்லி ஆலோசனையை மறுத்தேன். ஆலோசனை விதியைச் சொல்லித் திருநீற்றை மறுத்தேன். இரண்டும் ஒரே சந்திப்பில் நடந்தன. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது விதிப்படி நடந்துகொண்டேன் என்ற நிம்மதி எனக்கு இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

இயற்பியல் ஆசிரியர் சாமி இல்லை என்கிறவர். என் நெற்றியைப் பார்த்து 'பட்டை' என்றுதான் கூப்பிடுவார். சில நாள் கழித்து ஆசிரியர் அறையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன பட்டை, யாரையோ அனுப்புறேன்னீக. ஒரு காக்கா குருவிகூட வரலையே?"

"வருவான்."

"என்ன சேதின்னாவது சொல்லுங்க."

"அவனே சொல்லுவான். நான் சொல்லக் கூடாது."

"ஒங்க முருகனே கைவிட்ட கேசா? அப்ப நான் என்னத்தக் கிழிக்கப் போறேன்!" என்று சிரித்தார். நல்ல மனிதர். ஏழைப் பையன்களுக்குச் சொந்தச் செலவில் புத்தகம் வாங்கிக் கொடுப்பவர். சாமி இல்லாதவருக்கு உறுத்தலும் இருக்காது என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் கல்லூரி நாடகத்தில் பெண் வேஷம் போட்ட ஒரு பையனை அவர் வகுப்பில் நிற்க வைத்துக் கேலி செய்ததும், வகுப்பே சிரித்ததும் பிறகுதான் எனக்குத் தெரிய வந்தன. என்னிடம் வந்தவனும் அந்த வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தான். அவனும் சிரித்திருப்பான். சிரிக்காமல் இருந்தால் யாராவது பார்ப்பார்களே. அந்த மனிதரிடம் போய் முதலிலிருந்து சொல் என்றுதான் நான் அவனை அனுப்பினேன்.

அவன் போகவில்லை. கடைசிப் பரீட்சையை எழுதினான். என் அறைப் பக்கம் வரவில்லை. தாழ்வாரத்தில் எதிரே வந்தால் ஒதுங்கி வழி விடுவான். நான் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டு என்ன சொல்வது என்று யோசித்து முடிப்பதற்குள் அவன் கடந்து போயிருப்பான்.

இந்த இடத்தில் உன் அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னமுமா எழுதுறீக? அங்குட்டு அவன் என்ன படிக்கப் போனானா, பாடம் நடத்தப் போனானா? நீங்களே எல்லாத்தையும் எழுதி அனுப்புனா அவனுக்கு எதுக்குச் சம்பளம் குடுக்குறாக?" என்கிறாள். நீ உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

நான்காவதாக எழுத வேண்டியது அவன் தாய் வந்தது. விடுமுறையில் ஒரு மத்தியானம். கல்லூரிக்குப் போகாமல் விசாரித்துக்கொண்டு நம் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். வெள்ளாமை வீட்டு அம்மா. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்கள். உன் அம்மா கொடுத்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பொண்ணு பேசி முடிச்சுட்டம்யா. வெத்தல பாக்கு மாத்துற நேரத்துல பினாங்குக்குப் போறேன்னு நிக்கிறான். அவுக மாமன் கடையில கணக்குப் பாக்கப் போறானாம். கப்பலுக்கும் சொல்லி வச்சுட்டான். நான் கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறான். ஒங்ககிட்டத்தான் என்னமோ பேசுனான்னு அவன் சேக்காளி சொன்னான். என்னய்யா பேசுனான்?"

"படிப்பைப் பத்தித்தாம்மா."

"படிப்பைப் பத்திப் பேசுனவனா ரெண்டு நாளாச் சோறு திங்காமக் கெடந்தான்? நெத்தி நெறையத் துன்னூறு பூசிருக்கீக. பொய் சொல்ல மாட்டீக. சொல்லுங்கய்யா."

நான் திரும்பவும் அதையே சொன்னேன். அவர்கள் விடவில்லை. "எதா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லச் சொல்லுங்கய்யா. கொலையே பண்ணிட்டு வந்திருந்தாலும் அவன் எம்புள்ளதானே? பொண்ணு வேணாம்னாப் போகட்டும். கெட்டுப்போச்சா? வீட்டுல இருக்கச் சொல்லுங்க, அது போதும்" என்றார்கள். காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள்.

தாயிடம் சொல்லாதது சரிதான். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அவன் அனுமதி இல்லாமல் அவன் சொன்னதை எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. அந்த விதியை நீயும் விட்டுவிடாதே. உன் பிரின்சிபால் கேட்டாலும், அவன் வீட்டார் வந்து காலில் விழுந்தாலும் விடாதே. ஆனால் தாய் சொன்னதை மகனிடம் கொண்டு போவதை எந்த விதியும் தடுக்கவில்லை. 'உன் அம்மா வந்தார்கள். பெண் வேண்டாம் என்றால் போகட்டும், வீட்டில் இரு என்கிறார்கள்' என்று அவனிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் கொஞ்ச தூரம். கப்பலுக்கு இன்னும் நாள் இருந்தது. போகலாமா என்று ஒவ்வொரு நாளும் யோசித்தேன். போனால் அவன் வீட்டில் யார் இருப்பார்கள், எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது, பேச்சு வெளியே வந்து என் பெயரும் அதில் அடிபட்டால் என்ன செய்வது என்றெல்லாம் யோசித்தேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவன் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிவிட்டான்.

பல வருஷம் கழித்துக் குன்றக்குடியில், மலைப்படியில் அந்த அம்மாவைப் பார்த்தேன். நான் ஒதுங்கப் பார்த்தேன். அவர்களே வந்து கும்பிட்டார்கள். "காயிதம் வருதுய்யா. ஆளு வரல" என்றார்கள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குறை சொல்ல அவர்களுக்கு எதுவும் தெரியாதே. போன தையில் அவர்கள் காலமாகிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். தந்தி கொடுத்தார்களாம். அவன் வரவில்லை. வீட்டில் இரு, அது போதும் என்று அம்மா சொன்னது அவனுக்கு இன்றுவரை தெரியாது. அதைத் தெரிந்த ஆள் இனி நான் ஒருவன்தான்.

ஆகவே உன் கேள்விக்கு என் பதில்: அனுப்பாதே. அனுப்புவது நேர்மை போலத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஒரு காய்ச்சலுக்கு இந்த வைத்தியர் இல்லாவிட்டால் அந்த வைத்தியர் என்று போகலாம். உன்னிடம் வந்தவன் வைத்தியம் கேட்டு வந்தானா, யாராவது ஒருவர் தெரிந்துகொண்ட பிறகும் தன்னைப் பழையபடி பார்க்கிறார்களா என்று தெரிந்துகொள்ள வந்தானா என்பதை யோசி. அப்படி வந்தவனை நீ எவ்வளவு கண்ணியமாக அடுத்த வாசலுக்குக் கை காட்டினாலும், அவனுக்கு விடை கிடைத்துவிடுகிறது. இதுவரை அவனை 'நீ' என்று கூப்பிட்டிருந்தால் திங்கட்கிழமையும் 'நீ' என்றே கூப்பிடு.

கடைசியாக, ஐந்தாவது. கோயில் வாசலில் செருப்பை விடுவது போல, அந்த அறை வாசலில் உன் நம்பிக்கையை விட்டுவிட்டு உள்ளே போ. வெளியே வந்ததும் போட்டுக்கொள்ளலாம். யாரும் எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள். தகும், தகாது என்ற கேள்வி உள்ளே இருக்கும் வரை உனக்கு வேண்டாம். நான் கெட்டுப்போனது நம்பிக்கையை உள்ளே கொண்டு போனதால்தான். அது மட்டும் குறுக்கே நிற்காமல் இருந்திருந்தால் நானும் ஒழுங்காகக் கேட்டிருப்பேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன், பதில் சொல்லாமல் ஏதாவது விட்டுப் போயிருக்கிறதா என்று பார்க்க உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். கடைசித் தாளின் ஓரத்தில், இடம் போதாமல் நெருக்கி நீ எழுதியிருப்பதை முதலில் மேலோட்டமாகப் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன். 'அவன் பேசி முடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது அப்பா. அழுதால் அதை ஒப்புக்கொண்டது போல ஆகிவிடுமே என்று மனதுக்குள் முருகா முருகா என்று சொல்லி அடக்கிக்கொண்டேன்.'

எனக்கு அன்று அழுகை வரவில்லை. பயம் வந்தது. பிரின்சிபால் என்ன சொல்வார், ஊர் என்ன பேசும், இப்படிப்பட்டவன் அடிக்கடி வந்து போகும் அறை என்று பெயர் வந்தால் வேலை என்ன ஆகும் என்ற பயம். அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைத்து இத்தனை வருஷம் அதன் தலையில் பழியைப் போட்டிருக்கிறேன். அன்று நான் உண்மையாகவே என் சாமியைக் கூட்டிக்கொண்டு அந்த அறைக்குள் போயிருந்தால், குனிந்த நெற்றிக்கு முன்னால் என் கை நின்றிருக்காது. உனக்கு வந்த அழுகை, நீ படித்த படிப்பு கற்றுக் கொடுத்ததாக இருக்காது. நீ யாரை நினைத்து அடக்கினாயோ, அந்த முருகனிடமிருந்தே வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த நம்பிக்கையை வாசலில் விட்டுவிட்டுப் போனாயானால், உள்ளே போய் உட்காருவது இன்னொரு நானாகத்தான் இருக்கும்.

ஆகவே ஐந்தாவது தவறு. சந்தேகமே இல்லை என்று எழுதியது அந்த ஒன்றைத்தான். எல்லாவற்றையும் திருத்தி எழுதலாம் என்று பார்த்தேன். இன்றைய தபாலில் போனால்தான் திங்கட்கிழமைக்குள் உனக்குக் கிடைக்கும். அப்படியே இருக்கட்டும். எது தகும், எது தகாது என்பதற்கு என்னிடம் இன்னும் விடை இல்லை. உன்னிடமும் திங்கட்கிழமைக்குள் இருக்க வேண்டியதில்லை. அந்தப் பையன் வந்து உட்கார்ந்ததும் உனக்கு மறுபடி அழுகை வந்தால், இந்தத் தடவை அடக்காதே. அவன் பார்க்கட்டும்.

அன்புடன்,
அப்பா